ஆளுயரத் திரி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. டெல்வின் தன் தங்கை ஜெனிட்டாவிடம் சொன்னான். ஜெனிட்டா, கல்லூரியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், நாகர்கோவில் பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சில இடத்தில் அழுதாள், சில இடத்தில் சிரித்தாள். எந்த இடங்கள் என்று நான் இங்கே எழுதவில்லை. அவன் மனசுக்குள் ஓடியதாக இதில் வருவது பாதி அவன் வாயால் சொன்னது. மீதி நான் ஊகித்தது. அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன், என் வீட்டில் நான். வீட்டாரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடுவோமோ என்கிற அந்தப் பயம் எனக்குப் பழக்கம்.

பஸ் அவனை இறக்கிவிட்டு வளைவில் மறைந்ததும் சத்தம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கடற்கரையில் பிறந்தவனுக்குச் சத்தமில்லாத இடம் என்றால் அது இழவு வீடு, அதுவும் அழுது ஓய்ந்த பிறகு. டெல்வின் குல்லாயைத் தூக்கிக் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல், வயல் முழுக்க முழங்கால் அளவு பனி, பனிக்கு நடுவில் கோயில். மணி இரண்டு ஐம்பது. மூன்று இருபதுக்குச் சூரியன் போய்விடும், அதன் பிறகு அரைமணி நேரம் வெளிச்சம் தேங்கி நிற்கும், அவன் வெளிநாட்டுக்கு வந்து படிக்கிற தார்த்து நகரத்துக்குத் திரும்பிப் போகிற ஒரே பஸ் நான்கு முப்பத்தைந்துக்கு. இதையெல்லாம் அவன் காலையிலிருந்து நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருந்தான், ஜெபம் மாதிரி. ஃபோனில் சார்ஜ் நாற்பத்தொன்று. குளிரில் அது திடீரென்று செத்துப்போகும் என்பதால் சட்டைக்கு உள்ளே, அக்குளில் கோழிக்குஞ்சை வைப்பதுபோல் வைத்திருந்தான். பையில் ஏழு மெழுகுதிரி, ஒரு லைட்டர். ஏற்ற வேண்டும், படம் எடுக்க வேண்டும், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். மூன்றே வேலை. அப்பாவும் மரியலாசர் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு கிளமெண்ட் அண்ணனும் போன வியாழக்கிழமை கடலிலேயே ராத்தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனவர்கள், அன்றைக்கு ராத்திரி புயல், இன்றைக்குச் செவ்வாய். ஐந்து நாள். ஐந்து நாளில் ஒரு வள்ளம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட அவனுக்குத் தெரியும், அதற்குத்தான் படித்திருக்கிறான், காற்றின் வேகமும் நீரோட்டமும் எண்ணெய் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதும். ஆனால் கணக்கு ஒவ்வொரு தடவையும் தண்ணீர்க் கேனில் வந்து முட்டி நின்றது. மூன்று பேருக்கு இரண்டு கேன். அம்மாதான் நிரப்பிக் கொடுத்திருப்பாள். நிரப்பும்போது என்ன பாடிக்கொண்டிருந்தாளோ. அதற்கு மேல் கணக்கு போகாது. அதற்கு மேல் போகாமல் இருக்கத்தான் அவன் இங்கே வந்து நிற்கிறான்.

வயலில் கால் வைத்ததும் பனி முழங்காலுக்கு மேல் வாங்கியது. சாதாரணமாக நடந்தால் ஐந்து நிமிஷம், ஆனால் ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது, ஈர மணலில் வலை இழுப்பதுபோல, இழுக்க இழுக்க வராத வலை. கோயில் சின்னது. இவ்வளவு சின்னதா? படத்தில் பெரிதாக இருந்ததே. படத்தில் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது, வானம் நீலமாக இருந்தது, பனி சர்க்கரை மாதிரி இருந்தது, இடது பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மரம் சாய்ந்து நின்றது. அந்தப் படத்தை யார் எடுத்தார்களோ. எவனோ ஒருவன், நல்ல கேமரா உள்ளவன், வேறு ஏதோ ஒரு வருஷம், அப்பா கரையில் பத்திரமாக இருந்த ஒரு வருஷம், இதே வயலில் நின்று எடுத்து இணையத்தில் போட்டான். அதை டெல்வின் எடுத்து, ‘அம்மா, நான் திரி ஏத்துன கோயில், நானே எடுத்த படம்’ என்று அனுப்பினான். இரண்டு வருஷம் ஆகிறது. எழுதும்போது விரல் நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

விசா இழுத்தடித்த மூன்று மாதம் அம்மா தினமும் ஊர்க் கோயிலில் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் முன்னால் முழங்காலில் நின்றாள். கடைசியில் நேர்ந்துகொண்டாள்: விசா கிடைத்தால், மகன் அந்த நாட்டில் கால் வைத்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, அங்கே உள்ள கோயிலில் அவன் உயரத்துக்கு ஒரு திரி ஏற்றுவான். அவனைக் கேட்கவில்லை. ஆளுயரத் திரி என்றால் வேளாங்கண்ணியில் கடைக்காரன் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடுத்து நீட்டுவான். அம்மாவுக்கு உலகம் முழுக்க அப்படித்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை டெல்வின் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் தட்டு கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போய் நின்றான். சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். ‘ஏத்துனியா மக்கா?’ ‘ஏத்திட்டேன்.’ ஒரு வார்த்தை. நாளைக்கு ஏற்றிவிடலாம் என்றுதான் சொன்னான், சத்தியமாக, நாளைக்கு. திங்கட்கிழமை போன இரண்டு கோயிலும் பூட்டிக் கிடந்தன. செவ்வாய் வகுப்பு. புதன்கிழமை அம்மா படம் கேட்டாள். இப்படித்தான். கெட்டவன் யாரும் இதில் இல்லை, அதனால்தான் இது இவ்வளவு தூரம் வந்தது. வீடியோவில் அப்பா முகத்தைத் திரைக்குள் நுழைப்பதுபோல் கிட்டே கொண்டுவந்தார். ‘எலே மக்கா, கோயிலுக்கு மேல அது என்னது, சுண்ணாம்பா?’ ‘பனி, அப்பா.’ ‘இம்புட்டா? ஓடு தாங்குமா?’ ‘தாங்கும்.’ ‘நீ உள்ள போவும்போ தலைல விழுந்திராம பாத்துக்க.’ அப்பாவுக்கு அந்தப் படத்தில் கவலைப்பட அது ஒன்றுதான் கிடைத்தது. பிறகு புது வள்ளம் வாங்கினார். ஒருத்தரிடமும் சொல்லாமல் ஆர்ட்டிஸ்ட் கென்னடியைக் கூப்பிட்டு, வள்ளத்தின் இரண்டு பக்கமும் அந்தக் கோயிலை வரையச் சொன்னார். மகன் திரி ஏற்றின கோயில். ஊரில் எல்லா வள்ளத்திலும் அந்தோணியாரும் மாதாவும் இருக்க, அப்பா சிலுவைப்பிச்சையின் வள்ளத்தில் மட்டும் பனி விழுந்த கோயில். கென்னடி வீடியோவில் வந்து அப்பாவிடம் புலம்பினான்: ‘வெள்ளப் பெயின்ட் ரெண்டு டப்பா காலி, ஓய். ஒங்க மவன் திரி ஏத்துனது கோயில்லயா, உப்பளத்துலயா?’ எல்லோரும் சிரித்தார்கள். டெல்வினும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது வாய்க்குள் உணர்ந்தான், பல் கூசியது. அவனுடைய பொய் இரண்டு டப்பா வெள்ளைப் பெயின்ட்டில் கடலுக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் போய்த் திரும்பி வந்தது. வியாழக்கிழமை போனது வரவில்லை.

கோயிலுக்குக் கிட்டே வந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தான். கோபுரத்தின் உச்சியில் சிலுவை இல்லை. தகரச் சேவல் ஒன்று நின்றது. ஃபோனில் பார்த்த படத்தில் அது ஒரு புள்ளி; யாரும் பார்க்கவில்லை; கென்னடி சிலுவை என்றே வரைந்துவிட்டான். சேவல். இது நம்ம கோயில் இல்லை, கத்தோலிக்கத்தைவிட்டுப் பிரிந்து போனவர்கள் கோயில், இங்கே உச்சியில் சேவலை வைப்பார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, என்று படித்த மூளை சொன்னது. சேவல் கூவுமுன் மூன்று தடவை என்னை மறுதலிப்பாய் என்று, ஆண்டவர் தம் சீடர் இராயப்பரிடம் சொன்னதை, உள்ளே இருந்த மற்றது சொன்னது. எண்ணிப் பார்த்தான். ஏத்திட்டேன், ஒன்று. நானே எடுத்த படம், இரண்டு. ஞாயிறு தவறாமல் போறேன் அம்மா, அது நூற்றுக்கும் மேலே. இராயப்பர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். வெளியே போய் மனங்கசந்து அழுதார். அழுதால் இங்கே கண்ணிமையில் ஐஸ் பிடிக்கும்; அவனுக்கு ஏற்கனவே பிடித்திருந்தது. சேவல் ஆடாமல் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, அல்லது பஸ்ஸிலிருந்தே கூட வந்து இப்போது முகத்தைக் காட்டியது. அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுத்தால்? கதவோரம் திரியை வைத்து, பழைய படத்தில் உள்ளதுபோலவே எடுத்தால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை. ‘வருஷா வருஷம் ஏத்துறேன் அம்மா, இந்த வருஷமும் ஏத்திட்டேன், அப்பாவுக்காக.’ திரி நிஜம். கோயில் நிஜம். நேர்ச்சை நிறைவேறிவிடும், பழைய பொய்க்கு அடியில் ஒரு மெய்யை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடலாம், யாரும் விழமாட்டார்கள். அம்மா இப்போது இருக்கிற இருப்பில் அவளிடம் போய் உண்மையைச் சொல்வது பாவம் இல்லையா? நான்கு நாளாகக் கஞ்சி குடிக்காமல் கோயில் முற்றத்தில் கிடக்கிறவளிடம், அம்மா, நீ நேர்ந்தது நடக்கவே இல்லை, இரண்டு வருஷமாகக் கடன் நிற்கிறது, அதனால்தானோ என்னவோ என்று சொல்வதா? அதனால்தானோ. இந்தச் சொல்லை அவன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முதல்தடவை நினைத்தான். அதன் பிறகு தூங்கவில்லை. கடவுள் ஒருவர் வீட்டுப் பொய்க்காகப் புயலை அனுப்பமாட்டார், ஊரில் இன்னும் பதினெட்டு வள்ளம் வரவில்லை, அந்த வீடுகளில் எல்லாம் யார் என்ன பொய் சொன்னார்கள்? இது தெளிவான வாதம். வாதம் எழுந்து நின்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு அறையில் மறுபடி தண்ணீர்க் கேன். அவன் படம் எடுத்தவன் நின்ற இடத்தைத் தேடிப் பனிக்குள் பின்னால் பின்னால் நடந்தான், கோயிலைப் பார்த்தபடியே, கல்யாண வீட்டு ஃபோட்டோக்காரன் மாதிரி. இன்னும் கொஞ்சம். கோபுரம் அங்கே, கூரை இங்கே, இடது பக்கம் மரம். மரம் இல்லை. காலில் எதுவோ இடறி உட்கார்ந்துவிட்டான். பனிக்கு அடியில் வெட்டின அடிமரம். சமீபத்தில் வெட்டியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் வெளுப்பாக இருந்தது. அந்தப் படத்தை இனிமேல் உலகத்தில் யாராலும் எடுக்க முடியாது. அதைப் புரிந்துகொண்டு அப்படியே பனியில் உட்கார்ந்திருந்தான், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, சூரியன் போய்விட்டிருந்தது.

கதவு பூட்டியிருந்தது. இரும்பு வளையத்தைப் பிடித்து இழுத்தான், தள்ளினான், தோளால் மோதினான். உள்ளே எங்கோ எதிரொலி கேட்டது, அவ்வளவுதான். பூட்டின கோயில் என்பது அவன் ஊரில் கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை ராத்திரிகூட ஒரு பக்கக் கதவு திறந்திருக்கும். சரி, வாசலில் ஏற்றலாம். நேர்ச்சையில் உள்ளே என்று சொல்லியிருக்கிறதா, கோயிலில் என்றுதானே? வாசல் கோயில்தானே? வக்கீல் மாதிரி யோசிக்கிறான், யோசிக்கிறான் என்பதே வெட்கமாக இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. இங்கே ஆளுயரத் திரி கிடைக்காது. சூப்பர்மார்க்கெட்டில் இருபத்தைந்து சென்டிமீட்டர் திரிதான் பெரியது. அவன் உயரம் நூற்றெழுபது. ஏழு வைத்தால் ஐந்து கூடுதல். கூடுதலுக்குக் கடவுள் கோபிக்கமாட்டார், குறைந்தால்தான். ஆனால் நூற்றெழுபது என்று எழுதியது யார்? பாஸ்போர்ட்டுக்கா, காலேஜ் அடையாள அட்டைக்கா, அவனே குத்துமதிப்பாக எழுதியதா? செருப்போடா, இல்லாமலா? ஊரைவிட்டு வந்த பிறகு வளர்ந்திருந்தால்? இருபத்துமூன்று வயதில் யாரும் வளரமாட்டார்கள். வளர்ந்திருந்தால்? சுவரோரம் ஏழு திரியையும் ஒன்றன் பின் ஒன்றாகப் படுக்கவைத்து, பூட்ஸைக் கழற்றி, குல்லாயைக் கழற்றி, அவற்றுக்குப் பக்கத்தில் பனியில் நீட்டிப் படுத்தான். பாதத்தை முதல் திரியின் அடியோடு சேர்த்து வைத்தான். தலைக்கு மேலே கையைத் தடவிக் கடைசித் திரியின் நுனியைத் தேடினான். வானம் சாம்பலாகவும் இல்லாமல் நீலமாகவும் இல்லாமல் மங்கிக்கொண்டு வந்தது. அப்பாவும் இப்படித்தான் படுத்திருப்பார். வள்ளத்தின் அடியில், மல்லாந்து, சித்தப்பாவின் கால் இவர் தலையில் இடிக்க. இதே வானம் இல்லை, அங்கே இப்போது ராத்திரி. படுத்திருக்கிறாரா? படுத்திருந்தால் நல்லது. படுத்திருக்கிறவன் மூச்சு விடுகிறான். விடுகிறாரா? முதுகு மரத்துப் போயிற்று. எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது, அது இதமாக இருந்தது, இதமாக இருந்ததுதான் அவனை உலுக்கியது.

‘ஏய்! ஏய்! விழுந்துவிட்டாயா? நெஞ்சு வலியா?’

ஒரு பெண். அறுபது வயது இருக்கும், முகத்தைத் தவிர எல்லாவற்றையும் போர்த்தியிருந்தாள், கையில் ஒரு நாயின் கயிறு. தத்துப்பித்தென்ற ஆங்கிலத்தில் பேசினாள். அவனும் பல் கிட்டிக்க அப்படியே பேசினான்.

‘இல்லை. அளக்கிறேன்.’

‘எதை?’

‘என்னை.’

அவள் சுற்றிலும் பனியில் பாதி புதைந்து நின்ற கல்லறைகளைப் பார்த்தாள். பிறகு அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள். ‘அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பூட்ஸைப் போடு.’

‘மெழுகுதிரிக்கு அளக்கிறேன். கோயில் பூட்டியிருக்கிறது.’

‘குளிர்காலம் முழுக்கப் பூட்டித்தான் இருக்கும். மே மாதம் வா. உள்ளே அழகாக இருக்கும். சுற்றுலாக்காரர்கள் எல்லாம் மே மாதம்தான் வருவார்கள்.’

‘மே வரைக்கும் முடியாது. என் அப்பா கடலில் இருக்கிறார்.’

‘மாலுமியா?’

‘மீன் பிடிக்கிறவர். சின்னப் படகு. புயல் வந்துவிட்டது. ஐந்து நாள்.’

சொல்லிவிட்டான். இந்த ஐந்து நாளில் அவன் யாரிடமும் சொல்லவில்லை, கூடத் தங்கியிருக்கிற பையன்களிடம்கூட. சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று. ஐயோ என்றோ கடவுளே என்றோ அவள் சொல்லியிருந்தால் அவன் அங்கேயே உடைந்திருப்பான். நாயின் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து ஒரு திரியை எடுத்துப் பார்த்தாள். அவன் லைட்டரைத் தட்டினான். நெருப்பு வந்தது, திரியில் பட்டது, காற்று தின்றது. மறுபடி. மறுபடி. ‘அப்படி இல்லை,’ என்றாள். கையுறையோடு பனியில் முழங்கை வரைக்கும் ஒரு குழி தோண்டினாள், கிணறு மாதிரி, சுவரைத் தட்டி இறுக்கினாள், அடியில் திரியை நட்டு உள்ளே கைவிட்டுப் பற்றவைத்தாள். குழிக்குள் சுடர் நேராக நின்றது. வெளியே அடிக்கிற காற்று அதற்குத் தெரியவே இல்லை. ‘கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கல்லறைக்குக் கல்லறை இப்படித்தான் வைப்போம். என் வீட்டுக்காரருக்கு, மாமியாருக்கு. மாமியாருக்குக் கொஞ்சம் ஆழம் குறைவாகத் தோண்டுவேன்.’ அவள் சிரிக்கவில்லை. டெல்வினுக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாயைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தோண்டத் தொடங்கினான். ஏழு குழி, ஏழு திரி. அவள் போன பிறகுதான் பெயர் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போகும்போது, ‘நாய்க்குப் பசிக்கிறது’ என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

ஃபோனை எடுத்தான். சார்ஜ் பதினெட்டு. படம் எடுத்தான். திரையில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், பூட்டின கதவு, மிதித்துக் குழப்பின பனி, அதில் அவன் படுத்த தடம் ஆள் மாதிரி, தடத்தின் பக்கத்தில் பனிக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஐந்து வெளிச்சம். ஐந்துதான். இரண்டு அணைந்திருந்தன. சுடர் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இல்லை, மரம் இல்லை, கோபுரம் பாதியில் வெட்டுப்பட்டுச் சேவல்கூடத் தெரியவில்லை. திரி ஏற்றினதற்கு இது அத்தாட்சியா? எந்த அம்மாவும் இதைப் பார்த்து, என் மகன் ஏற்றிவிட்டான் என்று அழமாட்டாள். வள்ளத்தில் வரையத் தகுந்த படம் இல்லை இது. அனுப்பினான். ஒரு டிக், இரண்டு டிக். சொல்லாமல் இருந்துவிடலாம். நெட் சரியில்லை, படம் தெளிவாக வரவில்லை, நாளைக்குப் பேசறேன். விரல் பழக்கத்தில் அதைத் தட்டச்சுகூடச் செய்யத் தொடங்கியது. விரல் நடுங்குகிறதா என்று பார்த்தான். நடுங்கியது. குளிரால் இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டான். அங்கே மணி ஏழரை தாண்டியிருக்கும். எடுத்ததும் முதலில் வந்தது பெண்களின் குரல், அலை மாதிரி, மாதாவிடம் வேண்டுகிற பிரியதத்த ஜெபத்தின் பாதி எழும்ப மறுபாதி விழுந்துகொண்டிருந்தது.

‘மக்கா. எதும் தெரிஞ்சுதா? ஒனக்கு அங்க நெட்ல எதும் போட்டிருக்கானா?’

‘இல்லம்மா. அம்மா, ஒரு படம் அனுப்பிருக்கேன்.’

‘பாத்தேன். இருட்டா கெடக்கு. என்னது அது, கெணறா?’

‘கோயில்மா. அம்மா, நான் சொல்றத பேசாம கேளு. ஃபோன் இப்பம் செத்துரும். முதல்ல அனுப்புன படம் நான் எடுத்தது இல்ல. நெட்ல எடுத்தது. நான் திரி ஏத்தல்ல. அந்த ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்கே போவல்ல. ஒரு ஞாயித்துக்கெழமையும் போவல்ல.’

பிரியதத்தம் ஒன்று முழுசாக எழும்பி விழுந்தது. அவன் காதை ஃபோனோடு அழுத்தினான். அடுத்ததும் தொடங்கியது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக. இப்பொழுதும். அம்மா மூச்சு விடுவது கேட்டது, மேடு ஏறினவள் விடுவதுபோல். இந்த மூச்சை அவன் தன் ஆயுசு முழுக்கக் கேட்கப் போகிறான், அது அவனுக்கு அப்போதே தெரிந்தது. அப்பா வராவிட்டால் வேறு எதையும் கேட்கப் போவதில்லை. ‘அதனாலதான்னு நெனக்கியாம்மா?’ என்று கேட்டான். கேட்டானா, நினைத்தானா என்று ஜெனிட்டாவிடம் சொல்லும்போது அவனுக்கே நிச்சயமில்லை.

‘வள்ளத்துல எழுதியிருக்கது எந்தக் கோயிலு?’ என்றாள் அம்மா.

‘இதே கோயில்தான்.’

‘இண்ணைக்குக் காலத்த கலெக்டர் ஆபீசுல இருந்து ஆளு வந்தான். வள்ளத்துக்கு அடையாளம் கேட்டான். வெள்ளக் கோயிலு படம் உண்டும், வேற ஒரு வள்ளத்துலயும் கெடயாதுன்னு சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். அது செரிதானே?’

‘செரிதான்மா. ஆனா—’

‘இப்பம் நீ எங்க நிக்க?’

‘அங்கதான். அந்தக் கோயில்லதான்.’

‘திரி எரியுதா?’

‘அஞ்சு எரியுது. ரெண்டு அணஞ்சிட்டு.’

‘கூறு கெட்ட பயலே,’ என்றாள். ‘அந்த ரெண்டயும் கொளுத்து. கொளுத்திட்டுப் பேசு.’

பிறகு பெண்களின் குரல் ஒரு நொடி வந்தது, திரை கறுத்தது. அவன் ஃபோனை அக்குளில் திரும்ப வைத்தான், பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும். லைட்டர் தட்டத் தட்ட வெறும் பொறி. விரல்கள் தன்னுடையவை இல்லை. எரிகிற ஒரு திரியைக் குழியிலிருந்து பிடுங்கி, கையால் மறைத்து, முழங்காலில் நகர்ந்து, அணைந்ததின் பக்கம் கொண்டுபோவதற்குள் அதுவும் அணைந்தது. நான்கு. மன்னிச்சிட்டாளா? அதைச் சொல்லவில்லையே. கொளுத்திட்டுப் பேசு என்றால் கொளுத்தினால்தான் பேசுவாள் என்றா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அவள் அப்படிப்பட்டவளும்தான். அப்பா இருந்தால், இருக்கிறார், இருக்கிறார், அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார், ‘ரெண்டு டப்பா பெயின்ட்டு மக்கா’ என்பாரா, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வலையைப் பார்க்கப் போவாரா, எதுவாவது சொல்லட்டும், அடிக்கட்டும், கரையில் நின்று அடிக்கட்டும். குல்லாயைக் கழற்றி, இன்னொரு திரியைப் பிடுங்கி, குல்லாய்க்குள் வைத்து எடுத்துப்போனான், கம்பளி பொசுங்குகிற நாற்றம் வந்தது, ஐந்து, திரும்ப வந்து, ஆறு. ரோட்டில் பஸ்ஸின் விளக்கு வளைவில் திரும்பி, நிறுத்தத்தில் யாரும் இல்லை என்பதால் வேகம் குறையாமல் போயிற்று. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஏழாவது குழியின் பக்கம் நகர்ந்தான். வெளிச்சம் என்று இப்போது இருந்தது அந்தக் குழிகளிலிருந்து வருவதுதான். மணி என்ன, இனிமேல் எப்படி நகரத்துக்குப் போவது, ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கும், ஒன்றையும் யோசிக்கவில்லை. இந்த ஒன்று பற்றட்டும். இது ஒன்று.

அவர்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மறுநாள் புதன்கிழமை காலையில் ஊருக்குத் தகவல் வந்தது. வள்ளம் கவிழ்ந்து, கேனைப் பிடித்து மிதந்தவர்களை வேறு ஊர் விசைப்படகு ஒன்று தூக்கி ஒரு தீவில் சேர்த்திருந்தது. புயலில் தீவுக்கு ஃபோன் இல்லை. மூவருக்கும் நாள் கணக்குத் தெரியாத அளவுக்குக் காய்ச்சல். ஏழு திரியும் எரிந்ததால்தான் வந்தார்கள் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். டெல்வினும் அப்படித்தான் சொல்கிறான் என்றாள் ஜெனிட்டா. இந்த வருஷம் ஒரு விண்ணப்பத்துக்காக அவர்களுடைய காகிதங்களைப் படியெடுத்துக் கொடுத்தபோது தீவு ஆஸ்பத்திரியின் சீட்டு என் கையில் வந்தது. தேதியைப் பார்த்து நம்பாமல் அந்த ஆஸ்பத்திரிக்கே ஃபோன் செய்து கேட்டேன். பதிவேட்டை எடுத்துவந்து படித்துச் சொன்னார்கள்: சிலுவைப்பிச்சை, மரியலாசர், கிளமெண்ட், மூவரும் சேர்க்கப்பட்டது அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து.